சாரிக்கு ஆகாத பைக்

குண்டசாலையில் லியோன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வரப்போகிற செய்தி, அது வருவதற்கு வெகுமுன்பே கோயிலடிக்கு வந்துவிட்டது. கொண்டு வந்தவர் லியோன்தான். ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைகிற நேரத்தில், பாதணிக்குள் காலைச் சரிசெய்கிற சாக்கில் நின்று, "வெஹிகல் ஒன்னு பாத்துக்கிட்டிருக்கோம்" என்பார். வெஹிகல் என்ற சொல்லுக்குள் கார், வேன், லொறி எல்லாம் அடங்கும். கேட்கிறவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். லியோன் குறுக்கே நிற்கமாட்டார்.

கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியில் உதவிக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே சீஃப் கிளார்க்காகப் பதவி உயர்ந்துவிட்டார். அந்த உயர்வைக் கொடுத்ததும் அவர்தான். மிதிசைக்கிள்கூட ஏறி அறியாத மனிதர், இப்போது காலை டீயோடு போனை வைத்துக்கொண்டு யூடியூபில் பைக் பார்த்தார். பாணைக் கட்டசம்பலில் தொட்டுக்கொண்டே, "டார்க் முக்கியம். பிக்-அப் முக்கியம்" என்றார். எஞ்சினின் இழுவையையும் வேகத்தையும் சொல்கிறார் என்று தெரியாத மேபல், அவை உதிரிப்பாகங்கள் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டும் இருக்கிறதா பாத்து எடுங்க" என்றாள்.

பைக் உண்மையில் வேண்டியிருந்தது அவர்கள் மகள் ஜெஸ்மினுக்கு.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அவள் டீச்சர். இருட்டோடு எழும்பி, சாரிக் கொசுவத்தை ஊசி குத்தி, சோற்றுப் பார்சலைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்சுக்கு ஓடுவாள். பஸ்சுக்கு அந்த அவசரம் கிடையாது. திகனையில் ஆள் சேரும்வரை நிற்கும். தெல்தெனியவில் டிரைவருக்குப் பசிக்கும். அதற்கு மேலே மழையோ பனியோ ஒன்று கட்டாயம் இருக்கும். இறங்கி, தேயிலைக்கு நடுவே சேறும் அட்டையுமான குறுக்குப் பாதையில் ஏறிப் பாடசாலைக்குள் நுழையும்போது வரவுப் புத்தகத்தில் அதிபர் கணேஸ் சிவப்புக் கோடு போட்டிருப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் லீவில் கழியும். லீவு முடிந்தால் சம்பளத்தில் கழியும்.

"நா போடல டீச்சர், கடிகாரம் போடுது" என்பார் அதிபர். பாடசாலைக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் குடியிருப்பவர் அவர். கடிகாரத்தோடு அவருக்கு நல்ல உறவு.

இந்தக் கோட்டைத் தாண்ட வழி காட்டியது கூட வேலைசெய்த அஸீமா. தெல்தெனியவிலிருந்து ஒரு கிழட்டு ஸ்கூட்டரில் வருவாள். சாரிக்கு மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ரெண்டு காலையும் முன்பலகையில் சேர்த்து வைத்து, கதிரையில் இருப்பதுபோல இருந்து ஓட்டுவாள். பாடசாலை விட்ட பிறகு, கொழுந்து நிறுக்கிற மடுவத்து முற்றத்தில் அவள்தான் ஜெஸ்மினை ஏற்றிப் பழக்கினாள்.

"ரெண்டு காலும் நெலத்துல படுதா?"

"படுது."

"அப்ப என்னத்துக்குப் பயம்? விழப் போனா காலை வைங்க, அவ்வளவுதான். பைக் ஓட்டுற வித்தையெல்லாம் அந்தக் காலுலதான் ஈக்கி."

கொழுந்துக் கூடையோடு நின்ற பாலம்மா, "டீச்சரு, பிரேக்கப் புடிங்க, எங்க தேயிலையப் புடிக்காதீங்க!" என்று கத்தினாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸ்மினும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு ஒரு விஷயம் தன் கைக்குள் அடங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. லேனர்ஸில் சேர்ந்து, எட்டுப் போட்டு, ட்ரயல் பாஸாகி லைசன்சும் எடுத்தாள். ஆசிரியர் கடனுக்கு எழுதிப்போட்டாள். கடன் வந்தது. இனி ஒரு சின்ன ஸ்கூட்டர் வாங்குவதுதான் பாக்கி என்று அவள் நம்பிக்கொண்டிருந்தபோது கிஷான் வந்தான்.

நேரில் அல்ல, வாட்ஸ்அப்பில். திகனைக் குடும்பம். வேதக்காரப் பிள்ளை. கட்டாரில் சூப்பர்வைசர். எதை மேற்பார்க்கிறான் என்று லியோன் வீட்டில் யாரும் கேட்கவில்லை, கேட்டால் ஏதாவது குறைந்துவிடுமோ என்ற பயம்தான். படத்தில் யாருடையதோ ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றான். அடுத்த விடுமுறையில் வந்து பெண் பார்ப்பதாகப் பேச்சு.

"நாளைக்கு அந்தப் பையன் வந்து எறங்குறான்" என்றார் லியோன் ராச்சாப்பாட்டில். "வாசல்ல ஸ்கூட்டி நிக்குது. என்னா நெனைப்பான்?"

"என்னா நெனைப்பாரு? ஸ்கூட்டின்னு நெனைப்பாரு" என்றாள் ஜெஸ்மின்.

"பேச்சப் பாரு. ஆம்பள ஓட்டுற சாமானா அது?"

"ஓட்டப்போறது நாந்தானேப்பா."

மேபல் பருப்புச் சட்டியை மகள் பக்கம் நகர்த்தினாள். "எத்தன நாளைக்குடி நீயே ஓட்டுவ? கல்யாணமானா அவர் ஓட்டமாட்டாரா? ஒரு பொருள வாங்கறப்ப ரெண்டு பேருக்கும் ஆகிறதா வாங்கணும்."

ரெண்டு பேரில் ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. வந்துவிட்ட ஒருத்தி பருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பைக் பார்க்க பிலிமத்தலாவைக்கு நாலு பேராகப் போனார்கள். மேபலின் தம்பி லக்ஸ்மனின் திரீவீலர்தான் வாகனம். லக்ஸ்மன் அந்தத் திரீவீலரை ஒவ்வொரு மாதமும் கராஜில் விட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறவன். அந்தப் பழக்கத்தில் குடும்பத்தின் மெக்கானிக் ஆகிவிட்டிருந்தான்.

கடை முதலாளி சாஹுல் ஹமீது, பழைய பைக்குகளைப் புதுப் பெண்களைப்போல வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். யார் காசு, யார் வாய் என்று பிரித்தறிய அவருக்கு அதுவே போதும். வாயைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினார்.

"வாங்க ஐயா, வாங்க. ஒங்களப் பாத்தா சின்னச் சாமான் காட்டத் தோணுதில்ல."

லியோன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வந்த வேலை பாதி முடிந்துவிட்டது.

ஜெஸ்மின் நேராக ஓரத்தில் நின்ற ஒரு நீல ஸ்கூட்டரிடம் போனாள். ஏறி இருந்து பார்த்தாள். ரெண்டு காலும் பட்டன. சாரியோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று முழங்காலைச் சேர்த்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"அப்பா, இது."

"எறங்கு, எறங்கு. ஆளுங்க பாக்குறாங்க" என்றார் லியோன். "மொதலாளி, அந்தக் கறுப்பு என்னா?"

அந்தக் கறுப்பு ஓர் ஆள் குனிந்து பாயத் தயாராக நிற்பதுபோல நின்றது. இருக்கை ஜெஸ்மினின் இடுப்புக்கும் மேலே. பெற்றோல் தொட்டி, கழுத்து விடைத்த காளை மாதிரி. லக்ஸ்மன் அதன் டயரைக் காலால் ரெண்டு உதை உதைத்தான். மேதாவி எவனும் பைக்கைச் சோதிக்கிற முதல் முறை அதுதான்.

"மாமா, என்னாத்துக்கு ஒதைக்கிறீங்க?" என்று கேட்டாள் ஜெஸ்மின்.

"சத்தத்துல தெரிஞ்சிரும்."

"என்னா தெரியும்?"

"அது சொல்லிப் புரியாது, புள்ள."

"இத எடுத்தா ரோட்டுல மரியாத ஈக்கி, ஐயா" என்றார் சாஹுல் ஹமீது. "பஸ்காரனே வழி விடுவான்."

"நா சாரியில போகணும்" என்றாள் ஜெஸ்மின். சொன்னது முதலாளியிடம், ஏனென்றால் மற்றவர்களுக்கு அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "இதுல காலத் தூக்கிப் போட்டுத்தானே ஏறணும். சாரியோட எப்பிடி?"

ஊரிலுள்ள டீச்சர்மார் எல்லாம் சாரி உடுத்துத்தான் பாடசாலை போகிறார்கள் என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டவர்கள்போல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லக்ஸ்மன்தான் மீட்டுக்கொடுத்தான்.

"அட, நீ பின்னாலதானே ஒக்காரப் போற? பின்னால சைடா ஒக்காந்தா சாரிக்கு அதவிட வசதி ஏது?"

"வாஸ்தவம்" என்றார் முதலாளி. "பின் சீட் நல்ல அகலம், மகள்."

அதற்குள் லியோன் கட்டாருக்கு அழைப்பெடுத்துவிட்டார். போனின் சின்னச் சதுரத்துக்குள் மஞ்சள் தொப்பியோடு கிஷானின் முகம் வந்தது. அதுவரை ஜெஸ்மினோடு ஒரு தடவைகூடப் பேசியிராத மாப்பிள்ளை, அவளுடைய முதல் பைக்கைத் தெரிவுசெய்யத் தொடங்கினான்.

"அங்கிள், அந்தக் கறுப்பக் காட்டுங்க. ஆ, அதுதான். இன்னும் கொஞ்சம் பக்கத்துல. யாரோ மறைக்கிறாங்க அங்கிள், வெலகச் சொல்லுங்க."

ஜெஸ்மின் விலகினாள்.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. போனச் சைலன்சர் கிட்ட புடிங்க."

லியோன் குந்தியிருந்து, பாட்டுக்காரனுக்கு மைக் பிடிப்பதுபோலச் சைலன்சருக்குப் போனைப் பிடித்தார். கடை அதிர்ந்தது. புகை மேபலின் முகத்தில் அடித்தது. மேபல் இருமிக்கொண்டே சிரித்தாள்.

"சவுண்ட் சூப்பர், அங்கிள்."

"தம்பிக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விக்குச் சொல்லவேண்டிய பதிலைப் பைக்குக்குச் சொல்லிவிட்டு கிஷான் அழைப்பை வைத்தான். லியோனுக்குக் கண் கலங்கியது. கையெழுத்து மட்டும் ஜெஸ்மின் போட்டாள். கடன் அவள் பேரில், பைக் அவள் பேரில். அவ்வளவுதான் அதில் அவளுக்கு இருந்த பங்கு. ஏன் போட்டாள் என்று பிற்பாடு அஸீமா கேட்டபோது, "எல்லாரும் சிரிச்சிக்கிட்டிருந்தாங்க" என்றாள். வேறு காரணம் அவளுக்கே அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தார்கள். ஓட்டிக்கொண்டு போனவன் லக்ஸ்மன். ஃபாதர் தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லக்ஸ்மன் டயருக்கடியில் தேசிக்காயை உருட்டிவிட்டான். ஃபாதர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்த்தார். இந்தப் பங்கில் பலகாலம் இருப்பவர் அவர்.

"யாருக்கு வண்டி? ஜெஸ்மினுக்கா?" என்று கேட்டார்.

"மருமகன் செலக்ட் பண்ணினது, ஃபாதர்" என்றார் லியோன், இல்லாத மருமகனைக் கூட்டத்துக்குக் கேட்கும்படியாக. பிறகு ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, லக்ஸ்மன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். படத்தில் லக்ஸ்மனின் கைகள் மட்டும் தெரிந்தன. அவற்றை வெட்டிவிட்டு முகநூலில் போட்டார்.

அன்று பின்னேரம் ஜெஸ்மின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு பைக்கை வெளியே எடுத்தாள். ஓடும்போது ஒன்றுமில்லை, நன்றாகத்தான் போனது. சந்து முடிகிற ஏற்றத்தில் ஒரு வேன் குறுக்கிட, நிறுத்தினாள். காலை வைத்தாள். வைத்த இடத்தில் நிலம் இல்லை. சாய்ந்த பைக்கின் பாரம் முழுவதும் அவளையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

லக்ஸ்மன்தான் முதலில் ஓடி வந்தான்.

"ஐயோ, இன்டிகேட்டர்!"

லியோன் வந்தார். "டேங்க்குல கோடு விழுந்திருக்கா பாரு லக்ஸ்மன், டேங்க்கப் பாரு!"

மேபல் பெற்றவள் இல்லையா, அவள் மகளிடம்தான் வந்தாள். முழங்கை உரிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. மேபல் மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூஞ்சில ஒன்னும் படலயே? அவர் வாற நேரம் பாத்து."

சாவி அன்றைக்கே லியோனின் அலுமாரிக்குள் போய்விட்டது. பைக்குக்கு ஒரு தார்ப்பாய் உறை வந்தது. பற்றரி இறங்காமலிருக்கக் காலையில் லக்ஸ்மன் வந்து அதை நின்ற இடத்திலேயே உறுமவிடுவான். அந்த உறுமல் முதுகுக்குப் பின்னால் கேட்க, ஜெஸ்மின் சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்சுக்கு ஓடுவாள்.

கிஷான் வந்தான். உண்மையிலேயே வந்தான். தாயோடும் தம்பி திலக்ஷனோடும் வந்து, கேக் தின்று, நெஸ்டமோல்ட் குடித்து, ஜெஸ்மினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனான். தார்ப்பாயை விலக்கியபோது அவன் முகத்தில் வந்த வெட்கம் மாப்பிள்ளைக்களையோடு இருந்தது.

மறுநாளே அவளைப் பாடசாலையில் விட வந்தான். சந்தில் எல்லோரும் பார்க்க, ஜெஸ்மின் தன் பைக்கின் பின்னால் சைடாக ஏறி உட்கார்ந்தாள். பின் சீட் முதலாளி சொன்னதுபோல நல்ல அகலம்தான். திகனை தாண்டும்போது கிஷான் தலையைத் திருப்பாமலே பேசினான்.

"அங்கிள் சொன்னாரு, ஒங்களுக்கு லைசன்ஸ் இருக்காமே?"

"இருக்கு."

"என்னாத்துக்கு எடுத்தீங்க?"

"ஓட்டத்தான்."

"எத?"

"இதத்தான்."

பகிடி என்று நினைத்து அவன் சிரித்தான். சிரிப்பு ஒரு வளைவுவரைக்கும் போனது. அடுத்த வளைவில் வேகத்தைக் கூட்டினான்.

அன்று பாடசாலையில் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டாள். "ஆ, பைக் வாங்கினதும் டீச்சரோட போக்கே மாறிருச்சு!" என்றார் அதிபர் கணேஸ். அஸீமா வரவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சின்னதாக ஒரு சர்வீஸ் போட்டுத் தருவதாகச் சொல்லிக் கிஷான் பைக்கைத் திகனைக்குக் கொண்டுபோனான். கட்டாருக்குத் திரும்பியும் போய்விட்டான். அதன் பிறகு வந்தது பைக் அல்ல, அவன் தாயின் ஒரு வொய்ஸ் மெசேஜ். குரல் தேனாக இருந்தது. லியோன் அதை ஸ்பீக்கரில் போட்டார், நல்ல செய்தி என்று நினைத்து.

"பிரதர், கோவிச்சுக்காதீங்க. பையன் கொஞ்சம் குடும்பப் பாங்கான புள்ளையா எதிர்பாக்குறான். ஒங்க மகள் தோட்டத்துல ஸ்கூட்டர்ல சுத்துறதாக் கேள்வி. பைக் ஓட்ட ஆசைப்படுற பொண்ணு நாளைக்கு என்னா என்னாத்துக்கு ஆசைப்படுமோன்னு அவனுக்கு யோசன. ஆண்டவர் ஒங்களுக்கு நல்ல எடமாக் காட்டுவாரு."

பைக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மேபல் அழுதாள். லியோன் அந்த மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டார், எங்காவது ஒரு நல்ல வார்த்தை தவறிவிட்டதா என்று.

"சரி, பைக்க வாங்கிட்டு வாங்க" என்றாள் ஜெஸ்மின்.

"நாமளாப் போய்க் கேட்டா கதவ நாமளே சாத்துன மாதிரி ஆயிரும். மனசு மாறுவாங்க. பைக் அங்க நிக்கிற வரைக்கும் ஒரு தொடுப்பு இருக்கு."

"கடன் என் சம்பளத்துல கழியுதுப்பா."

"ஒரு குடும்பத்தோட மரியாதயப் பத்தி பேசிக்கிட்டிருக்கேன், நீ சம்பளத்தப் பத்தி பேசுற."

கோயிலடியில் அவர் வேறு மாதிரிச் சொல்லிவைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரின் அவசரத்துக்குத் தாமே பெருந்தன்மையாகக் கொடுத்திருப்பதாக. இனி எப்படிப் போய்க் கேட்பார்?

ஆனால் பஸ் திகனையில்தானே நிற்கிறது. ஆள் சேரும்வரை நிற்கிற அந்த நேரமெல்லாம், ஜன்னலோரத்தில் இருந்த ஜெஸ்மின், எதிர்ச் சந்தில் திலக்ஷன் அவளுடைய பைக்கில் கூட்டாளிகளை ஏற்றி இறக்குவதைப் பார்த்தாள். ஒருநாள் தொட்டியில் மண்டையோட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒருநாள் கண்ணாடி இரண்டையும் கழற்றியிருந்தான். ஒருநாள் பஸ் டிரைவரே ஹோர்ன் அடித்து அவனுக்கு வழிவிட்டார். சாஹுல் ஹமீது பொய் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், சுடிதாரும் சப்பாத்துமாகத் திகனைக்கு பஸ் ஏறி இறங்கினாள்.

கிஷானின் தாய் கதவைத் திறந்து, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "அப்பா வரலியா?"

"இல்ல ஆன்ட்டி. பைக்க எடுத்திட்டுப் போக வந்தேன்."

"பொம்பளப் புள்ள தனியா வந்து கேக்கிறது நல்லாவா இருக்கு? அப்பாவ அனுப்பியிருக்கலாமே."

"அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது ஆன்ட்டி."

முற்றத்தில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்த திலக்ஷன் வாளியோடு நிமிர்ந்தான். "அக்கா, நா இன்னைக்கு ஒரு ட்ரிப் போட்டிருக்கேனே."

"பஸ்ல போ, தம்பி. நா அப்பிடித்தான் போறேன்."

"டயர் ரெண்டும் நாங்கதான் மாத்தினோம்" என்றார் தாய், தேன் வற்றிய குரலில்.

"நீங்க ஓட்டித் தேய்ச்ச டயரத்தானே மாத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஜெஸ்மின் கையை நீட்டினாள். திலக்ஷன் தாயைப் பார்த்தான். தாய் வானத்தைப் பார்த்தார். சாவி நனைந்திருந்தது.

அவர்கள் வாசற்படி அவளுக்கு உதவியது. படியில் ஒரு காலை வைத்து மறுகாலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். தாயும் மகனும் விழப்போகிறவளைப் பார்க்கிற ஆவலோடு நின்றார்கள். பைக் உறுமியது, தள்ளாடியது, போய்விட்டது.

ஓடும்போது ஒன்றுமில்லை. நிறுத்துவதுதான் பாடு. நிறுத்தாமல் கண்டி வீதியில் யாரால் போக முடியும்? நிலம் எட்டாத காலுக்கு உயர்ந்த நிலத்தைத் தேடிக்கொடுக்க வேண்டியிருந்தது. ரோட்டோரத்து வடிகான் கட்டு எங்கெங்கே உயர்ந்திருக்கிறது, எந்தக் கடை வாசலில் படி வெளியே நீண்டிருக்கிறது என்று கண் அதையே பார்த்துக்கொண்டு போனது. முன்னால் பஸ் நின்றால், அவளும் ஒரு கட்டைத் தேடி ஒதுங்கி, இடக்காலை அதில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கட்டில்லாத இடத்தில் வேகத்தைக் குறைத்து, பைக்கை நடக்கவிட்டு, விழாமல் ஊர்ந்தாள். மழை பிடித்தது. கைப்பிடி வழுக்கியது. பின்னால் வந்த பஸ் ஹோர்னை அமுக்கிக்கொண்டே வந்து உரசினாற்போல முந்தியது. மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர், ஓரத்துக்கு எடுக்கும்படி சிங்களத்தில் கத்தினான். மரியாதை பைக்குக்குத்தான். ஓட்டுகிறவள் பெண் என்று கண்டதும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. தனக்கு ஆகாத ஒரு சாமானை, தன்னுடையது என்ற ஒரே காரணத்துக்காக, விழாமல் வீடு கொண்டு சேர்க்கிற வைராக்கியம்தான். குண்டசாலைச் சந்திக்கு வந்து, சந்துக்குள் திரும்பி, விழுந்த அந்த ஏற்றத்தை நிற்காமல் கடந்து வீட்டு வாசலுக்கு வந்தாள்.

வீட்டு வாசலில் கட்டு இல்லை. படி உள்ளே தள்ளி இருந்தது. முன்பிரேக்கை அமுக்கிப் பிடித்து, இடப்பக்கம் சரித்து, பெருவிரல் நுனியால் சேற்றைத் தொட்டுக்கொண்டு நின்றாள். ஸ்டாண்டைத் தட்டக் காலை எடுத்தால் சாய்ந்துவிடும். ஹோர்ன் அடித்தாள்.

லியோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பைக்கைக் கண்டதும் அவர் முகம் மழையிலும் மலர்ந்தது.

"மேபல்! மேபல்! பைக்க அனுப்பிட்டாங்க! நா சொல்லல? பெரிய எடத்து ஆளுங்க பெரிய எடத்து ஆளுங்கதான்!"

ஹேண்டிலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜெஸ்மினுக்கு மூச்சு வந்தது.

"அப்பா, விட்டிராம புடிங்க. நா எறங்கணும்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகச் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்து விட்ட தம்பி எங்க? மழையில நிக்கிறாரா? என்னா புள்ள நீ, உள்ள கூப்பிடத் தெரியாதா? மேபல், டீய வை!"

சொல்லிக்கொண்டே ஹேண்டிலை விட்டுவிட்டு, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு சந்துக்குள் இறங்கி நடந்தார். "தம்பி, வாங்க, வெக்கப்படாம வாங்க" என்று அவர் குரல் வளைவுக்கு அப்பாலும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெஸ்மின் பிரேக்கை விடாமல், பெருவிரல் நுனியில், இறங்க முடியாமல் இருந்தாள்.